கேமுக்குள்ள மாட்டிக்கிட்ட கதை, ஆனா சண்டை கம்மியா வேணும்

கொழிஞ்சாம்பாறை_பையன்:
வணக்கமுங்க. இங்க மழை ஆரம்பிச்சதுல இருந்து கரண்டு போறதும் வர்றதுமா இருக்கு, அனிமே பாக்கறத விட்டுட்டு லைட் நாவல் (ஜப்பான்ல வர்ற சின்ன சைஸ் நாவலுங்க) படிக்கலாம்னு ஸ்வார்ட் ஆர்ட் ஆன்லைன் முதல் வால்யூம இங்கிலீஷ்ல முடிச்சேன். பத்தாயிரம் பேரு ஒரு கேமுக்குள்ள மாட்டிக்கறாங்க, உள்ள செத்தாலும் சாவு, கேம் ஆட தலைல மாட்டுன ஹெல்மெட்ட கழட்டுனாலும் சாவு, 100 மாடி ஏறுனாத்தான் விடுதலை. சரி ஒவ்வொண்ணா ஏறுவாங்கன்னு பாத்தா ரெண்டு வருசத்த தாண்டி 74ல கொண்டு போயி நிறுத்திட்டாருங்க. நடுவுல அவ்ளோ சனமும் எங்க படுத்துச்சு, என்ன தின்னுச்சு, வாடகை எப்படி கட்டுச்சு? அந்தப் பொழப்ப எழுதுன கதை இருந்தா சொல்லுங்க.

மீனாட்சிபுரம்_அக்கா:
தம்பி, அத எழுதுன கவஹாரா அத மொதல்ல ஒரு போட்டிக்குன்னு எழுதுனாரு, பக்கம் அளவு மீறிப் போச்சுன்னு அனுப்பாம 2002ல தன்னோட சைட்லயே போட்டாரு, புக்கா வந்தது 2009ல தான். போட்டிக்கு எழுதறவன் ஒரே புக்குல கதைய முடிச்சாகணுமே, அதான் அந்தத் தாவல். நீ கேக்கறது ப்ரோக்ரஸிவ்ங்கற அவரோட இன்னொரு சீரிஸ்ல இருக்கு, 2012ல ஆரம்பிச்சு மாடி மாடியா திரும்ப எழுதறாரு, முதல் வால்யூம் முழுக்க ரெண்டே மாடி. ஹீரோ கிரிட்டோ ஒரு பண்ணை வீட்டு மாடிய 80 கோலுக்கு (அந்த கேம் காசு) வாடகைக்கு எடுக்கறான், குளியல் தொட்டி உண்டு, பால் எவ்ளோ வேணும்னாலும் குடிச்சுக்கலாம். வாடகைக் கணக்கு போதுமா?

வாளையார்_லாரி:
அக்கா சொன்னது சரிதான் ஆனா பொழப்பு வேணும்னா லாக் ஹொரைசன்ங்கற நாவல் தான் ப்ரோ, அதுலயும் கேமுக்குள்ள மாட்டறது தான். ஜப்பான்ல மட்டும் முப்பதாயிரம் பேரு மாட்டறாங்க. கேம் மெனுவுல அமுக்கி செய்யற சோறு பாக்க கலர்கலரா இருக்கும், வாயில வெச்சா எல்லாம் ஒரே சப்பு. சமையல் ஸ்கில் இருக்கறவன் மெனுவ தொடாம கையால செஞ்சாத்தான் ருசி வருது. இத வெச்சு ஒரு சின்ன கில்டு (ஆடறவங்க சேந்து வெச்சுக்கற குழு) பர்கர் கடை போடுது, ஊரே வரிசைல நிக்குது, அந்தக் காச வெச்சு பெரிய கில்டுங்ககிட்டயும் பணம் பொரட்டி ஹீரோ ஷிரோயே ஊரோட கில்டு கட்டடத்தையே வாங்கிடறான். பேங்க் அதுக்குள்ள தான் இருக்கு, அவன் உள்ள விடலைன்னா உங்க காசு உங்களுக்கு இல்ல. அப்புறம் எல்லா கில்டையும் உக்கார வெச்சு ஊருக்கு சட்டம் போட வைக்கறான். நம்ம பஞ்சாயத்து கூட்டத்துல கூட இவ்ளோ சூடு இருக்காது :)

வேலந்தாவளம்77:
அதுல செத்தா கோயில்ல எந்திரிச்சு வந்துடறாங்களே, பயமே இல்லாம என்ன கதை? எனக்கு மூணு சாப்டர்ல தூக்கம் வந்துடுச்சு.

வாளையார்_லாரி:
மூணு சாப்டர்ல விட்டா இப்டித்தான் ப்ரோ. ஸ்பாய்லர், வேணாம்னா தாண்டிப் போங்க: ஒவ்வொரு தடவை சாகும்போதும் பழைய நிஜ வாழ்க்கையோட நெனப்பு கொஞ்சம் அழியுது. அம்மா மொகம் மறந்துட்டா எந்த வீட்டுக்குன்னு திரும்பிப் போவான்? எனக்கு ஹெல்மெட் சாவ விட அதுதான் பயம்.

மீனாட்சிபுரம்_அக்கா:
இதுல நான் லாரி பக்கம். ஆனா ஷிரோயே பேச ஆரம்பிச்சா பக்கம் பக்கமா ப்ளான் சொல்லுவான், அங்கங்க தாண்டிக்கோ தம்பி.

கொழிஞ்சாம்பாறை_பையன்:
பர்கர் கடை ஒண்ணே போதுமுங்க, லாக் ஹொரைசன்ல ஆரம்பிக்கறேன். உக்கடம் பழைய புக் கடைல இந்த மாதிரி யாராச்சும் பாத்திருக்கீங்களா, இல்ல ஆன்லைன்ல தான் வாங்கணுமா?