லீட் எழுத்துக்குத் தமிழில்: எண்ணெழுத்தா, இலக்கப்போலியா?

> 'எண்ணெழுத்து' என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் ஐயா. அதைக் கேட்டால் எழுத்தும் எண்ணும் கலந்த கடவுச்சொல்தான் நினைவுக்கு வரும். நாம் பேர் தேடுவது, இணையத்தில் ஆங்கில எழுத்துக்குப் பதில் இலக்கம் போட்டு, 'லீட்' (leet) என்ற சொல்லையே 1337 என்று எழுதும் வழக்குக்கு. ஏ-க்கு 4, ஈ-க்கு 3, ஓ-வுக்கு 0, எஸ்ஸுக்கு 5, டி-க்கு 7 என உருவத்தில் ஒத்த இலக்கம் எழுத்தின் இடத்தில் உட்காருகிறது.

என் முன்மொழிவு: இலக்கப்போலி. 'அறம்' 'அறன்' ஆனாலும் பொருள் மாறாததை இலக்கணம் போலி என்கிறது. இங்கே வந்து உட்காருவது இலக்கம், அவ்வளவுதான். 'எண்போலி' சுருக்கமாக இருந்தாலும், எண்கோணம் போல எட்டு என்று படித்துவிடுவார்கள்.

> போலி என்றால் போலி மருத்துவர்தானே நினைவுக்கு வருவார்?

வரட்டுமே, இதுவும் வேடம்தான். நம் ௧, ௭, ௮ மூன்றும் க, எ, அ போலவே இருப்பவை. பழைய நூல்களின் பக்க எண்ணை எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் நிரல்) எழுத்தாக எடுத்துக்கொள்வது இதனால்தான். அந்தச் சிக்கலுக்கும் இந்தச் சொல் பொருந்தும்.

> இலக்கத்தை மறுபடி எழுத்தாகத் திருப்பும் நிரலுக்கு? 'மறைகுறிநீக்கி'?

இதில் சாவி ஏது, மறைக்குறியாக்கம் என்று சொல்ல? 'போலிநீக்கி' போதும். பைத்தான் நிரல்மொழியில் மேக்டிரான்ஸ் (maketrans) என்ற கட்டளையால் எதற்கு எது என்ற அட்டவணை கட்டி, மாற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்லேட்டில் (translate) கொடுத்தால் இரண்டே வரி. ஆனால் அப்படியே ஓட்டினால் 2007 என்ற ஆண்டு '2ஓஓடி' ஆகிவிடும். ஆகவே உரையைச் சொல் சொல்லாக வெட்டி, எழுத்தும் இலக்கமும் கலந்தவற்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியது அகராதியில் இல்லையென்றால் மூலத்தையே விட்டுவிடுங்கள், எம்பி3 தப்பிக்கும். வேடிக்கை என்னவென்றால், முழுக்க இலக்கமான 1337 இந்த விதியில் சிக்காது. அதை விதிவிலக்குப் பட்டியலில் கையால் சேர்க்க வேண்டும்.

பெரிய தலைவலி 1. அது 'ஐ' (I) ஆகவும் இருக்கலாம், 'எல்' (L) ஆகவும் இருக்கலாம். டிரான்ஸ்லேட்டோ ஒன்றுக்கு ஒன்றுதான் மாற்றும். ஆகவே இரண்டையும் வைத்து எல்லா வடிவங்களையும் உண்டாக்கி அகராதியில் தேடுங்கள். ஒரு சொல்லில் மூன்று 1 இருந்தால் 8 வடிவங்கள். அப்படியும் 'எஃப்14டி' என்பது ஃபியட், ஃப்ளாட் இரண்டாகவும் தேறும். பக்கத்துச் சொற்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

> 'ஜிஆர்8' எந்தக் கணக்கு?

'கிரேட்' (great) என்பதன் சுருக்கம் அது. அதில் 8 வருவது உருவத்துக்காக அல்ல, 'எய்ட்' என்ற ஒலிக்காக. உரு அட்டவணையில் 8-க்கு பி என்று வைத்திருந்தால் 'ஜிஆர்பி' என்று உளறும், அகராதியில் இல்லாததால் மூலமே மாறாமல் நின்றுவிடும். இதை ஒலிப்போலி என்று பிரித்து, அட்டவணையையும் தனியாக வைத்துக்கொள்ளலாம்.