வெள்ளி க்ரூகர்ராண்ட் ப்ரூஃப்: பளபளப்பான தளத்தில் லென்ஸ்தான் தெரிகிறது

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)
வணக்கம். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர்ராண்ட் நாணயத்தில் 1 அவுன்ஸ் வெள்ளி ப்ரூஃப் (தளம் கண்ணாடிபோலப் பளபளக்க, உருவம் மட்டும் பனிபோல மங்கலாக இருக்கும் சிறப்பு அச்சு) ஒன்றைப் படமெடுக்க வேண்டும். ஏபிஎஸ்-சி கேமரா, 100 மிமீ மேக்ரோ லென்ஸ், ட்ரைபாட், இரண்டு எல்இடி மேசை விளக்கு இருக்கின்றன. நாணயத்தில் உள்ள மான் உருவம் நன்றாகவே விழுகிறது. சுற்றியுள்ள தளத்தில்தான் லென்ஸின் பிம்பமும் வெள்ளைக் கூரையும் தெரிகின்றன. போதாததற்குப் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் வேறு. நாணயம் இருக்கும் பிளாஸ்டிக் கேப்சூலைத் திறக்கலாமா?

பதில் 1
தளம் வெறும் கண்ணாடிதான். மேலே என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். கூரை வெள்ளையாக இருப்பது நாணயத்தின் குற்றமல்ல. நாணயத்தின் விட்டம் 38.7 மிமீ. லென்ஸ் இருக்கும் உயரத்தில் அந்த விட்டத்தின் இருமடங்கு, அதாவது சுமார் 8 செமீ வட்டம் மட்டுமே தளத்தில் பிரதிபலிக்கும். அந்த வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். 20 செமீ சதுரக் கறுப்பு அட்டையில் ஓட்டை போட்டு லென்ஸில் மாட்டுங்கள்.

பிறகு நாணயம் இருக்கும் இடத்தில் சிறு முகக்கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் விழும்வரை கேமராவைச் சரிசெய்யுங்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு ஓரம் வெளுத்துவிடும், வட்டமும் முட்டையாகும். விளக்குகள் கடிகாரத்தின் 10, 2 மணி இடங்களில், அட்டைக்கு வெளியே, முன்னால் பேக்கிங் பேப்பர் கட்டி. இப்போது தளம் கறுப்பாகவும் மான் பனிபோல வெள்ளையாகவும் வரும்.

லென்ஸ் துளை எஃப்/8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, 2 நொடி டைமர். எஃப்/16-க்குப் போகாதீர்கள், நுணுக்கம் மழுங்கும். ஆட்டோவில் விட்டால் கேமரா கறுப்பைப் பார்த்துப் படத்தை வெளிச்சமாக்கி மானை விவரமில்லாமல் வெளுக்கச் செய்துவிடும், மேனுவல்தான்.

கோடுகள் விளக்கினால் வருபவை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/25 நொடியில் வைத்து எடுங்கள்.

பதில் 2
கேப்சூலோடு எடுத்தால் மூடியின் கீறல்தான் நாணயத்தின் கீறலாகத் தெரியும், விற்கும்போது வீண் சந்தேகம். திறப்பதானால் மேசையில் மடித்த துண்டை விரித்து, நைட்ரைல் கையுறையோடு, விளிம்பை மட்டும் பிடியுங்கள். தூசியை, அழுத்தினால் காற்றடிக்கும் ரப்பர் ஊதியால் நீக்குங்கள். துணியால் துடைத்தால் மயிரிழைக் கோடு விழும், அது போகவே போகாது. பேச்சையும் குறைத்துக்கொள்ளுங்கள், எச்சில் துளி பிற்பாடு புள்ளியாகும். டர்பன் ஈரக்காற்றில் நெடுநேரம் திறந்து வைக்காமல் சிலிகா ஜெல் உள்ள பெட்டிக்கே திருப்பிவிடுங்கள்.

பதில் 3
கறுப்புத் தளம் மட்டும் போதாது என்பது என் கட்சி. தளத்தில் கீறல் இல்லை என்று காட்ட வெளிச்சமான தளம்தான் சரி. லென்ஸுக்கும் நாணயத்துக்கும் இடையே போட்டோ பிரேம் கண்ணாடியை 45 டிகிரி சாய்த்து, ஒரு விளக்கைப் பக்கவாட்டிலிருந்து அதன்மேல் அடியுங்கள். ஒளி நேர்கீழே இறங்கி, தளத்தில் பட்டு லென்ஸுக்கே திரும்பும். தளம் பளீரென்றும் மான் சாம்பலாகவும் வரும். விளக்கின் நேரொளி நாணயத்தில் படாமல் இரண்டுக்கும் இடையில் ஓர் அட்டை வேண்டும். கண்ணாடி பத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் திருப்பும், ஆகவே ஷட்டரை நன்றாக மெதுவாக்குங்கள்.

கேட்டவர்
கறுப்புத் தளம் வந்துவிட்டது, கோடும் போயிற்று. நன்றி அண்ணா. கண்ணாடி முறையில் மட்டும் படம் முழுக்க மங்கலாக, மூட்டம் போட்டாற்போல் வருகிறதே?

பதில் 3
விளக்குக்கு எதிர்ப்பக்கம் வெள்ளைச் சுவரா? கேமரா அந்தச் சுவரையும் கண்ணாடியில் பார்க்கிறது. அங்கே ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தால் கண்ணாடி தடிமன் அதிகம், 1 மிமீ கண்ணாடிக்கு மாறுங்கள்.