மூன்று வருடப் பயிற்சி போதுமா? ஸ்டீராய்டு ஊசிக்கு முன் ஒரு யோசனை வேண்டும்

அண்ணன்மார்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எனக்கு வயது 24, எடை 74 கிலோ. மதுரையில் மூன்று வருடமாக எடை தூக்குகிறேன். ஸ்குவாட் 140, பெஞ்ச் 95, டெட்லிஃப்ட் 170 கிலோ. எட்டு மாதமாக எதுவும் நகரவில்லை. "உன் உடம்பு இனி தானாக வளராது, ஊசிக்குத் தயாராகிவிட்டாய்" என்கிறார் ஜிம் பயிற்சியாளர். மருந்தை விற்பவரும் அவரேதான் என்பது உறுத்துகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இரவுநேர வேலை, தூக்கம் ஐந்து மணி நேரம். புரதம் பல நாள் 80 கிராமைத் தாண்டாது. அம்மா வைக்கும் சாம்பாரை எத்தனை கிண்ணம் குடித்தாலும் அந்தக் கணக்கு ஏற மறுக்கிறது. அப்படியானால் என் எல்லையைத் தொட்டுவிட்டேனா, இல்லை சோம்பலா?

அந்த ஊசியில் வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஏற்றினால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விந்தகத்துக்கு அனுப்பும் உத்தரவைக் குறைத்துவிடும் என்று படித்தேன். விந்தகம் சுருங்கும், விந்தணு குறையும். நிறுத்திய பிறகும் மீள மாதக்கணக்கில் ஆகலாம். நல்ல கொழுப்பு இறங்கும், ரத்தம் கெட்டியாகும், இதயச் சுவர் தடிக்கவும் கூடும். வீட்டிலோ கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டது!

இந்த வழியில் போனவர்கள் எதை வைத்து முடிவெடுத்தீர்கள்? இப்போது வருந்துகிறீர்களா? நாளமில்லாச் சுரப்பி மருத்துவரை முதலில் பார்ப்பது சரியா? ரத்தப் பரிசோதனையோடு இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் எடுக்க வேண்டுமா? தூக்கத்தையும் சாப்பாட்டையும் ஆறு மாதம் சரிசெய்தே தேக்கத்தை உடைத்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். மருந்தின் பெயரும் அளவும் வேண்டாம். அதைச் சொல்லத்தான் பயிற்சியாளர் இருக்கிறாரே.