13 வாரப் பனிக்குடத் தொற்று: கோடிங் உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் உள்நோயாளி அறிக்கையில் சிக்கி நிற்கிறேன். மகப்பேறு கோடிங்கில், அதாவது நோய்களை ஐசிடி-10-சிஎம் குறியீடுகளாக மாற்றும் வேலையில், அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

கர்ப்பம் 13 வாரம் 5 நாள். 39.2 டிகிரி காய்ச்சல், வெள்ளணுக்கள் உயர்வு, கருப்பை வாயில் சீழ் கலந்த கசிவு. 14 வாரம் 1 நாளில் கரு தானாகவே முழுமையாகக் கலைந்துவிட்டது. டிஸ்சார்ஜ் குறிப்பில் மருத்துவர் எழுதியிருப்பது, 'பனிக்குடத் தொற்றாக இருக்கக்கூடும்' என்பது மட்டுமே. நஞ்சுக்கொடியின் நோய்க்கூறியல் அறிக்கையோ தெளிவாகக் கோரியோஆம்னியோனைட்டிஸ் (பனிக்குடச் சவ்வுகளின் அழற்சி) என்கிறது.

உள்நோயாளி என்பதால் 'இருக்கக்கூடும்' என்பதையும் உறுதியான நோயாகவே கோடு செய்யலாம். தொற்று தொடங்கியது 14 வாரம் நிறைவதற்கு முன், எனவே முதல் மூன்று மாதம்தான். இதில் எனக்குக் குழப்பமில்லை. கருச்சிதைவு என்பதால், கர்ப்ப வாரத்தைக் குறிக்கும் இசட்3ஏ கோடு வராது என்பதும் தெரியும்.

என் கேள்விகள் வேறு. ஓ03.5 என்ற கோடு, தானாக நிகழும் கருச்சிதைவைத் 'தொடர்ந்து' வரும் தொற்றுக்கு உரியது. இங்கே தொற்றுதான் முதலில் வந்தது. அப்படியிருக்க அதைப் போடலாமா? அல்லது ஓ03.9 (சிக்கலில்லாத கருச்சிதைவு) போட்டு, ஓ41.1010 (முதல் மூன்று மாதப் பனிக்குடத் தொற்று, வகை குறிப்பிடாதது) சேர்ப்பதா? வழிகாட்டு நெறிகள் கர்ப்பச் சிக்கல்களைக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லும் இடத்தில் ஓ04, ஓ07 (கருக்கலைப்பு தொடர்பானவை), ஓ08 (கருப்பைக்கு வெளியேயான கர்ப்பம், முத்துப்பிள்ளைக் கர்ப்பம் ஆகியவற்றின் சிக்கல்கள்) மட்டுமே இருக்கின்றன, தானாக நிகழும் கருச்சிதைவுக்கான ஓ03 இல்லை. நோய்க்கூறியல் அறிக்கையை மட்டும் நம்பி ஓ41.1210 (முதல் மூன்று மாதக் கோரியோஆம்னியோனைட்டிஸ்) போட எனக்கு மனமில்லை. மருத்துவரிடம் விளக்கம் கேட்கவே நினைக்கிறேன். அந்தக் கேள்வியை, விடையை நாமே திணிக்காமல், எப்படி எழுதுவீர்கள்?

குழந்தையை இழந்த ஒரு பெண்ணின் பதிவு இது. அடுத்த கர்ப்பத்தில் இதைப் பார்க்கப்போகும் மருத்துவருக்குத் தவறான தகவல் போய்விடக் கூடாது. இப்படி ஒன்றைக் கையாண்டவர்கள் எந்த வரிசையில் கோடு செய்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.