பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு யூதப் படுகொலையை எப்படிச் சொல்லித்தருவது?

வியாசர்பாடி டியூஷன் கேட்டது:

வணக்கம். இங்கே மாலை நேர இலவச டியூஷன் நடக்கிறது. 9, 10ஆம் வகுப்பு, 25 பிள்ளைகள். இரண்டாம் உலகப்போர் பாடத்தை ஒட்டி, யூதர்களை நாஜிகள் கொன்றொழித்ததைத் தனியாக எடுக்க ஆசை. ஒன்றரை மணி நேர வகுப்பு இரண்டு ஒதுக்கலாம். புரொஜெக்டர் கிடையாது, ஜெராக்ஸ் எடுக்கலாம். பிள்ளைகளுக்கு ஹிட்லர் என்றால் கெத்து, நேதாஜிக்குக் கை கொடுத்தவர். யூதர்கள் யாரென்றே தெரியாது. பாதிப் பேரை யூதர்களாகவும் பாதிப் பேரை நாஜிகளாகவும் நடிக்கவைத்தால் மனதில் பதியும் என்று ஒரு யோசனை. செய்யலாமா?

தண்டையார்பேட்டை டீச்சர் பதில்:

அதை மட்டும் செய்யாதீர்கள் சார். பதினைந்து வயதுப் பிள்ளை கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் அது விளையாட்டாகிவிடும். வகுப்பில் ஏற்கெனவே ஒதுங்கி நிற்கிற பிள்ளையின் தலையில்தான் யூதர் வேஷம் விழும். அதைவிட மோசம், ‘அவங்க பட்டது எங்களுக்குப் புரிஞ்சிருச்சு’ என்ற நினைப்போடு வீட்டுக்குப் போவார்கள். ‘நீ ஒரு யூதச் சிறுமி, டைரி எழுது’ என்ற வீட்டுப்பாடமும் இதே வகைதான்.

முதல் வகுப்பைச் சட்டங்களை வைத்து நடத்துங்கள். ஒரு ஏ4 தாளில் நான்கு அட்டை என்று 12 அட்டைகள். ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கட்டு, மொத்தம் 15 தாள். வருடத்தை முன்பக்கம் போடாதீர்கள், எண்ணைப் பார்த்து அடுக்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுவார்கள். பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்.

அட்டைகளில் எழுத வேண்டியவை: யூதக் கடைகளைப் புறக்கணிக்கும் அறிவிப்பு (1933 ஏப்ரல் 1), அரசு வேலையிலிருந்து நீக்கம் (அதே வாரம்), குடியுரிமைப் பறிப்பும் கலப்புத் திருமணத் தடையும் (நியூரம்பெர்க் சட்டங்கள், 1935 செப்டம்பர்), மருத்துவர்களின் உரிமம் ரத்து (1938), ஆண்கள் பெயரோடு ‘இஸ்ரேல்’, பெண்கள் பெயரோடு ‘சாரா’ என்று சேர்க்கும் உத்தரவு (1938 ஆகஸ்ட்), பாஸ்போர்ட்டில் யூதர் என்று காட்டும் ‘ஜே’ முத்திரை (அக்டோபர்), ஜெர்மன் பள்ளிகளிலிருந்து வெளியேற்றம் (நவம்பர் 15), ஓட்டுநர் உரிமம் ரத்து (டிசம்பர்), ரேடியோ பறிமுதல் (1939), ஆறு வயதுக்கு மேற்பட்டோர் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் (1941 செப்டம்பர்), நாட்டைவிட்டு வெளியேறத் தடை (1941 அக்டோபர்), நாய் பூனை பறவை வளர்க்கத் தடை (1942 மே).

அடுக்க 20 நிமிடம் கொடுங்கள். நாய் பூனைத் தடையை முன்னால் வைப்பார்கள், சின்ன விஷயம்தானே என்று. பின்பக்கம் திருப்பினால் 1942 மே. அதற்குள் ரயில்கள் கொலைமுகாம்களுக்கு ஓட ஆரம்பித்துவிட்டன. அந்த இடத்தில் நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம், அவர்களே பேசட்டும்.

பிறகு ஒவ்வொரு அட்டைக்கும் ஒரே கேள்வி: ‘இது நடக்க யார் யார் வேலை பார்த்திருக்கணும்?’ குமாஸ்தா, தலைமையாசிரியர், அச்சகக்காரர், போலீஸ், காலியான வீட்டுக்குக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் என்று பட்டியல் நீளும். கடைசியில் ரயில்வே கணக்கைச் சொல்லுங்கள். முகாமுக்கு ஏற்றிப்போனவர்களுக்கு ஜெர்மன் ரயில்வே, நாஜிக் கட்சியின் எஸ்எஸ் படையிடம் கட்டணம் வசூலித்தது. மூன்றாம் வகுப்புக் கட்டணம், கிலோமீட்டருக்கு 4 பென்னிக் (அந்த ஊர்ச் சில்லறைக் காசு). பத்து வயதுக்கு உட்பட்டோருக்கு அரை டிக்கெட், நான்கு வயதுக்குக் கீழே இலவசம். 400 பேருக்கு மேல் என்றால் குழுச் சலுகை. திரும்பிவர டிக்கெட் காவலர்களுக்கு மட்டும். ராயபுரம் ஸ்டேஷனில் அரை டிக்கெட் வாங்கிய பிள்ளைகளுக்கு இது உடனே உறைக்கும். ஹிட்லர் ஒருவரால் இது நடக்கவில்லை என்பது அங்கேதான் விளங்கும்.

இரண்டாம் வகுப்பில் கொலைகள். எல்லாரையும் விஷவாயுவில் கொன்றார்கள் என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். 1941 ஜூனில் சோவியத் மீது படையெடுத்த பிறகு ஊர் ஊராகச் சுட்டுக் கொல்லப்பட்டவர்களே 15 லட்சத்துக்குக் குறையாது. உக்ரைனின் கீவ் நகரத்தின் ஓரத்தில் ‘பாபி யார்’ என்ற பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 என இரண்டே நாளில் 33,771 பேர். இது கொன்றவர்களே அறிக்கையில் எழுதிய எண். அதன் பிறகு ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்செக் போன்ற கொலைக்கென்றே கட்டிய இடங்கள். ஆஷ்விட்ஸ் முகாமில் மட்டும் சுமார் 11 லட்சம் பேர், அதில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள். மொத்தம் 60 லட்சம் யூதர்கள். ரோமா (ஜிப்சி) மக்களும் மாற்றுத்திறனாளிகளும் கொல்லப்பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஆனால் ஒரே பட்டியலாகக் குழப்பாதீர்கள்.

எதிர்ப்பைச் சொல்லாமல் விட்டால் யூதர்கள் ஆடுமாடு மாதிரி போனார்கள் என்ற எண்ணம் தங்கிவிடும். போலந்தின் வார்சா நகரில் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ பகுதியில் 1943 ஏப்ரல் 19 அன்று தொடங்கிய எழுச்சியைச் சொல்லுங்கள். அதே கெட்டோவில் ரிங்கெல்பிளம் என்ற வரலாற்றாசிரியரின் குழு அன்றாட வாழ்க்கையை எழுதி, உணவு அட்டை, சுவரொட்டிகளோடு தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் வைத்துப் புதைத்தது. 1946இலும் 1950இலும் தோண்டியெடுத்தார்கள்.

வடசென்னை வரலாறு பதில்:

டீச்சர் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். நேதாஜி கேள்வி கட்டாயம் வரும், அதட்டி அடக்காதீர்கள். 1942 மே மாதம் நேதாஜி ஹிட்லரைச் சந்தித்தது உண்மை. இந்திய விடுதலையை ஆதரித்து வெளிப்படையாக அறிவிக்கச் சொல்லிக் கேட்டார், ஹிட்லர் தரவில்லை. 1937இல் பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபுவிடம் ‘காந்தியைச் சுட்டுவிடுங்கள்’ என்று யோசனை சொன்னவர் இதே ஹிட்லர். இந்த ஒரு தகவல் போதும், கெத்து இறங்கிவிடும்.

‘ஜாம்நகர் மகாராஜா யூதக் குழந்தைகளைக் காப்பாற்றினார்’ என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுற்றுகிறது. 1942இல் ஜாம்நகர் பக்கத்துப் பாலாச்சடியில் அவர் அடைக்கலம் கொடுத்த போலந்துக் குழந்தைகளில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். நல்ல காரியம்தான், ஆனால் அதை அது நடந்தபடியே சொல்ல வேண்டும்.

யூதர்கள் யார் என்பதற்கு ஐரோப்பாவிலிருந்து தொடங்காமல் மண்ணடி பவளக்காரத் தெருவிலிருந்து தொடங்குங்கள். 17ஆம் நூற்றாண்டில் பவளம் கொண்டுவந்து கோல்கொண்டா வைரம் வாங்கிப்போன யூத வணிகர்களை ஒட்டி வந்த பெயர். 1688இல் மெட்ராஸ் மாநகராட்சி தொடங்கியபோது 12 ஆல்டர்மேன்களில் (நகரசபை உறுப்பினர்களில்) மூவர் யூதர்கள். நம்மூரில் கடை போட்டு, நகரசபையில் உட்கார்ந்த மனிதர்கள் என்று முதலில் தெரிந்துவிட்டால், பின்னால் வரும் பொய்ப் பிரச்சாரத்தை அவர்களே கேள்வி கேட்பார்கள்.

பிணக்குவியல் படங்கள் வேண்டாம். அந்தக் காலப் படங்களில் பல, கொன்றவர்களே எடுத்தவை. அதிர்ச்சியில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், மீதிப் பேர் போனில் இன்னும் தேடுவார்கள். போருக்கு முன் எடுத்த குடும்பப் படம், பள்ளிக்கூடப் படம் நான்கு போதும். இஸ்ரேலில் உள்ள யூதப் படுகொலை நினைவகமான யாத் வாஷெமின் இணையதளத்தில் கிடைக்கும். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் முகம் கறுத்துவிடும், லேசர் பிரின்ட் எடுங்கள்.

வியாசர்பாடி டியூஷன்:

இருவருக்கும் மிக்க நன்றி. நடிப்பு யோசனையைக் கைவிட்டாயிற்று. திருமணத் தடை அட்டையைப் பார்த்ததும் சாதியைக் கேட்பார்கள். ஈழம், காஸாவும் வரும். என்ன செய்வது?

தண்டையார்பேட்டை டீச்சர் பதில்:

வரட்டும் சார், வந்தால்தான் வகுப்பு நடக்கிறது என்று அர்த்தம். ‘யார் பட்டது அதிகம்’ என்ற போட்டிக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். சட்டத்தையும் செயலையும் ஒப்பிடச் சொல்லுங்கள். அங்கே அரசே சட்டம் போட்டுத் திருமணத்தைத் தடுத்தது, இங்கே சட்டம் அனுமதித்தும் ஊர் தடுக்கிறது. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துத் தமிழர் வீடுகளைத் தேடிவந்தார்கள். ஜெர்மனியில் 1939 மே மாத மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தாத்தா பாட்டி யூதரா என்று தனி அட்டையில் கேட்டுவைத்தார்கள். எது ஒன்று, எது வேறு என்று இரண்டு பத்தியில் எழுதட்டும். காஸாவுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கி, அந்த நாளை அங்கேயே அறிவித்துவிடுங்கள். இன்றைய அரசு செய்வதற்கு 1942இல் செத்த குழந்தை பொறுப்பில்லை, அந்தச் சாவைக் காட்டி இன்று எதையும் நியாயப்படுத்தவும் முடியாது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இன்னொன்று, வகுப்பு 7:30க்கு முடியும் என்றால் 7:10க்கே புதிய தகவல் தருவதை நிறுத்துங்கள். பேர் போடாத துண்டுச்சீட்டில் ஒரு கேள்வி எழுதி டப்பாவில் போடச் சொல்லுங்கள். வாய் திறக்காத பிள்ளைகளின் கேள்வி அதில்தான் கிடைக்கும், அடுத்த வகுப்பை அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.