புதுப்பிப்பு: டின் டைஆக்சைடு உணரியில் பல்லேடியத்தின் அளவு

பல்லேடியம் என்ற உலோகத்தைக் கூட்டக் கூட, டின் டைஆக்சைடு (வெள்ளீய ஆக்சைடு) படலத்தின் மின்தடை மாற்றத்தால் வாயுவைக் கண்டறியும் உணரியின் உணர்திறனும் கூடும் என்று முன்பு இதே இழையில் எழுதியிருந்தேன். அது பாதி உண்மைதான். காற்றிலுள்ள ஆக்சிஜன் படலத்தின் மேற்பரப்பில் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்துவைப்பதால் மின்தடை உயர்கிறது. ஹைட்ரஜன் போன்ற வாயு அந்த ஆக்சிஜனுடன் வினைபுரிந்து எலக்ட்ரான்களைத் திருப்பித் தரும்போது மின்தடை குறைகிறது. இவ்வினையைக் குறைந்த வெப்பநிலையிலேயே விரைவுபடுத்துவதுதான் பல்லேடியத்தின் வேலை. அளவு மிஞ்சினாலோ பல்லேடியத் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுவிடும். வாயுவும் உள்ளே ஊடுருவுமுன் மேலடுக்கிலேயே எரிந்து தீர்ந்துவிடும். இம்முறை பல்லேடியக் கரைசலை நன்கு நீர்க்கவைத்துப் பூசிய படலத்தில், ஹைட்ரஜன் பட்டதும் மின்தடை தயங்காமல் இறங்கியது. டின் டைஆக்சைடில் சேர்க்கப்படும் இன்னொரு தனிமமான ஆன்டிமனியைப் பல்லேடியத்துடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்: அது படிகத்துக்குள் புகுந்து கடத்துதிறனைக் கூட்டுவது, மேற்பரப்பு வினையூக்கி அன்று. காற்றின் ஈரப்பதம் உணரியின் அளவீட்டைப் பாதிக்கும் தொல்லை மட்டும் இன்னும் தீரவில்லை.