பெட்டை நாய்க்கு ஹீட் (இணைசேரும் பருவம்) வந்தால்: எங்கள் அனுபவங்கள்

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காபித் தோட்டத்தில் இருக்கிறோம், வீட்டில் செம்பி என்று ஒரு நாட்டு நாய். இங்கே பெட்டைக் குட்டி என்றாலே "ஹீட் வந்தா யாரு பார்க்கிறது" என்று எடுக்க மறுக்கிறார்கள், குட்டிகள் ரோட்டில்தான் கிடக்கின்றன, அதனால்தான் எழுதுகிறேன்.

பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 1 வயதுக்குள் முதல் ஹீட் வரும், பெரிய ஜாதி நாய்க்கு ஒன்றரை வயதுகூட ஆகலாம். அப்புறம் சராசரியாக 6 மாதத்துக்கு ஒரு தடவை, சில நாட்டு நாய்களுக்கு வருடத்துக்கு ஒன்றுதான். முதலில் பின்பக்கம் வீங்கும், அங்கேயே நக்கிக்கொண்டிருக்கும், பிறகு சொட்டுச் சொட்டாக ரத்தம். இந்த முதல் வாரம் பத்து நாள் கடுவன் நாய்கள் சுற்றிச் சுற்றி வரும், ஆனால் செம்பி கிட்டவே விடமாட்டாள், உட்கார்ந்துகொண்டு சீறுவாள். எல்லோரும் இந்த நாட்களில் பயந்து கட்டிவைத்துவிட்டு, ரத்தம் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் "சரி, முடிஞ்சுது" என்று அவிழ்த்துவிடுகிறார்கள். சினை பிடிக்கிற நாட்களே பெரும்பாலும் அப்போதுதான் ஆரம்பிக்கின்றன! செம்பியின் இடுப்பில் கை வைத்தால் வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு அசையாமல் நிற்பாள், அதைப் பார்த்துவிட்டால் நான் கதவைத் திறந்து வைப்பதே இல்லை. மொத்தம் 3 வாரம், வீக்கம் முழுசாக வற்றுகிறவரை சங்கிலி இல்லாமல் வெளியே கிடையாது. பழம் பறிக்கிற சமயத்தில் ஆட்கள் வருவதும் போவதுமாகக் கேட் திறந்தே கிடக்கும், வாசலில் கட்டிப்போட்டால் அவளால் ஓடக்கூட முடியாது, அதனால் உள்ளறைதான்.

மேலே எழுதிய அக்காவுக்கு, நாங்கள் சேலம் சூரமங்கலம், ஒட்டி ஒட்டி வீடுகள். விடிகாலையில் தெரு அடங்கியிருக்கும்போதே ஒரு சுற்று அழைத்துப்போய் வந்துவிடுவேன். டயப்பர் கட்டுகிறோம், ஆனால் அது தரையைத்தான் காப்பாற்றும், சினையைத் தடுக்காது. அண்ணன் தங்கை என்று நாய்க்குக் கணக்கு கிடையாது, ஒரே ஈற்றுக் குட்டிகளை வளர்த்தாலும் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டும்.

முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. எங்கள் தெருவில் இரண்டு நாய்கள் பின்னிக்கொண்டு நின்றபோது பசங்கள் கல்லெறிந்தார்கள், ஒரு வீட்டிலிருந்து தண்ணீரை ஊற்றினார்கள், இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து அலறின. எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. கடுவனின் உறுப்பு உள்ளே வீங்கிக்கொள்வதால்தான் அப்படி மாட்டி நிற்கிறது, வேண்டுமென்று நிற்பதில்லை. 5 நிமிஷத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் பொதுவாகத் தானாகவே விடுபட்டுவிடும். இழுத்தால் இரண்டுக்கும் காயம். பசங்களைக் கூப்பிட்டு இதை நேராகச் சொன்னேன், அதற்கப்புறம் அந்தத் தெருவில் யாரும் கல் எடுக்கவில்லை.

அம்மாபேட்டையிலிருந்து நானும் ஒன்று சேர்க்கிறேன். ஹீட் முடிந்ததும் கவனம் விட்டுவிடாதீர்கள், அடுத்த 2 மாதம்தான் எங்களுக்குக் கண்டம். எங்கள் மல்லி வயதானவள், குட்டி போட்டதில்லை. ஹீட் முடிந்து சில வாரத்தில் குண்டான் குண்டானாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள், சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை, வாந்தி, படுத்த சாக்கில் நாற்றமடிக்கிற சீழ்க் கறை. அன்றைக்கே வண்டி பிடித்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம், ஸ்கேனில் கர்ப்பப்பை முழுக்கச் சீழ். உடனே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், பிழைத்தாள். சில நாய்களுக்குச் சீழ் வெளியே வராமல் உள்ளேயே அடைத்துக்கொள்ளும், அது இன்னும் ஆபத்து, வயிறு உப்பிச் சோர்ந்து கிடந்தால் காத்திருக்கவே கூடாது.

ஹீட்டைத் தள்ளிப்போட ஹார்மோன் ஊசி இருக்கிறது என்று யாராவது சொன்னால் டாக்டரிடம் நன்றாகக் கேளுங்கள், இந்தச் சீழ் நோய்க்கு அதுவும் வழி செய்யும். "ஒரு தடவை குட்டி போட்டால்தான் நாய் நல்லா இருக்கும்" என்பதற்கும் ஆதாரம் கிடையாது. குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை செய்துவிடுங்கள். ஹீட்டில் இருக்கும்போது ரத்த ஓட்டம் அதிகம் என்பதால், அவசரம் இல்லையென்றால் 2, 3 மாதம் கழித்துத்தான் பெரும்பாலான டாக்டர்கள் நாள் குறிப்பார்கள். அதற்கு முதல் சொட்டு ரத்தம் கண்ட தேதியைக் கேட்பார்கள், காலண்டரிலேயே குறித்துவையுங்கள்.